மண்டாடிக்குத் தெரிந்தது

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஆறு கிடையாது. மொன்றியல் தீவில் கொஞ்சம் மேடான பகுதி இது. ஷேர்புரூக் வீதிக் கடைகள், மேப்பிள் நிழல் விழும் செங்கல் வீடுகள், பனிக்காலத்தில் கால் வைக்கப் பயப்படும் வெளிப்படிகள். தெற்கே நடந்தால் நிலம் திடீரென்று செங்குத்தாக இறங்கும். சென்-ஜாக் சரிவு என்பார்கள். அதன் கீழே நெடுஞ்சாலையும் ரயில் பாதைகளும்தான். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் மயிலிட்டி ஐயாவோடு ஒரு மாலை அந்த விளிம்பு வரை போனேன். சற்று நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றவர், "தம்பி, இது முந்தித் தண்ணி நிண்ட இடம்" என்றார்.

அவர் இலங்கையின் மயிலிட்டியில் மீன்பிடித்து வாழ்ந்தவர். மகள் கூப்பிட்டு இந்த ஊருக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. இங்கத்தைய வரலாறும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. வீட்டுக்கு வந்து பழைய வரைபடங்களைத் தேடிப் பார்த்தேன். ஏரி இருந்திருக்கிறது. நீர்நாய் ஏரி என்று பெயர். அந்தச் சரிவின் அடியில் நீளமாக, ஆழமில்லாமல் கிடந்த ஏரி. 1825இல் லஷீன் கால்வாய் திறந்ததும், பிறகு ரயில் தளங்களும் தொழிற்சாலைகளும் வந்ததும், வற்றி மறைந்துபோனது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மறுநாள் கேட்டேன். "மேடு நேர வெட்டி நிக்குது. அடி தட்டையாக் கிடக்கு. தண்ணியைத் தவிர ஆர் இப்பிடிச் செய்வினம்?"

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னோடு வருகிறது. மீன்பிடியில் கைதேர்ந்தவர் என்று யாரைச் சொல்வது? நிறைய மீன் பிடிப்பவரை என்று எவரும் உடனே சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் போதாது என்று முதலில் பட்டது. படிக்கப் படிக்க, அது ஆபத்தான பதில் என்றும் தெரிந்தது. உளவியலாளரும் மானிடவியலாளரும் மீன் உயிரியலாளரும் ஆளுக்கொரு பக்கமாக இந்தக் கேள்வியைத் துருவியிருக்கிறார்கள். அதில் ஒரு முக்கியமான வேலை எங்கள் தெருவிலேயே நடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் இந்த வல்லமைக்கென்றே ஒரு சொல் உண்டு: மண்டாடி. தோணியின் சுக்கானைப் பிடிப்பவர். கரைவலை வளைப்பில் வலையை எங்கே, எப்போது விடுவது என்று முடிவெடுப்பவர். சிங்களக் கரைவலைக்காரரும் இந்தச் சொல்லைச் சற்றே உருமாற்றி வைத்திருக்கிறார்கள். வலையும் வள்ளமும் முதலும் சம்மாட்டியுடையவை. மண்டாடியிடம் இருப்பது பார்வை. கயிறு பிடிக்க ஆட்கள் மணலில் காத்திருக்க, அவர் கடலைப் பார்த்தபடி நிற்பார். நீரின் மேல் ஒரு கருமை, பறவை தாழ்கிற விதம், அலையின் முதுகில் ஒரு சிலிர்ப்பு. அவர் கை அசைந்த பிறகுதான் வள்ளம் இறங்கும்.

அந்தப் பார்வை என்ன என்பதை நான் கண்ணால் கண்டது லாசாலில், லஷீன் பாய்ச்சல் அருகே. சென் லோரன்ஸ் ஆறு பாறைகளில் மோதி நுரைத்து இறங்கும் இடம் அது. நொடிக்கு ஏறத்தாழ 8,000 கன மீட்டர் நீர் போகிறது. எதிர்க்கரையில் மோஹாக் மக்களின் கானவாகே. பாய்ச்சலின் அருகே என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை இரைச்சலாகத் தெரிந்தது. ஐயா தூண்டில் தடியைத் தொடவே இல்லை. ஒரு பெரிய பாறையைத் தாண்டினார். நிழல் விழுந்த ஒரு திருப்பத்தைத் தாண்டினார். நான் நல்ல இடம் என்று நினைத்த மூன்றாவது இடத்தையும் தாண்டினார். கடைசியில், பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் நின்று, மிதந்து போய்க்கொண்டிருந்த மெல்லிய நுரைக்கோட்டைக் காட்டினார்.

"அந்தக் கோட்டுக்கு அங்காலை தண்ணி ஓடுது. இங்காலை நிக்குது. மீன் நிக்கிற தண்ணியிலை நிண்டுகொண்டு, ஓடுற தண்ணியைப் பாத்துக்கொண்டிருக்கும்."

இந்தச் சின்னப் பேச்சுக்குள் நீரியக்கவியலின் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. நீந்தும் உடலை நீர் பின்னுக்கு இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதை எதிர்த்து நிற்கச் செலவாகும் திறனோ வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும். ஓட்டம் இரண்டு மடங்கானால் மீனின் செலவு ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆகவே வேக நீரில் நாள் முழுக்க நிற்கும் மீன் பட்டினியால் மெலியும். தேங்கிய நீரிலேயே கிடந்தாலும் பட்டினிதான், ஏனென்றால் பூச்சியும் குஞ்சு மீனும் ஓட்டத்தில்தான் அடித்து வரப்படுகின்றன. வரவும் செலவும் சரிப்பட்டு வரும் ஒரே இடம் இரண்டும் உரசிக்கொள்ளும் தையல் ஓரம். வேகம் மாறும் இடத்தில் நுரை ஒதுங்கிக் கோடாகிறது. நுரைக்கோடு என்பது மீனின் கணக்குப் புத்தகம் வெளியே தெரிகிற இடம்.

நேரமும் அப்படித்தான். கியூபெக்கில் எல்லோரும் விரும்பிப் பிடிக்கும் டோரே மீனின் விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. பூனையின் கண் இருளில் மின்னுவதும் அத்தகைய படலத்தால்தான். பொழுது படும்போது டோரேக்குக் கண் தெரியும், அது தின்னும் பேர்ச் மீனுக்கு மங்கும். அந்த அரை மணி நேரத்துக்காக ஐயா இரண்டு மணி நேரம் சும்மா இருப்பார். பக்கத்தில் தூண்டில் போட்டவர்கள் வீசி வீசிக் களைத்துப் போவார்கள்.

வல்லமை பற்றிய அறிவியலில் அடிக்கடி பேசப்படும் பரிசோதனை சதுரங்கத்தில் நடந்தது. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆட்டத்தின் நடுவில் நிற்கும் பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை மீண்டும் சரியாக வைத்தார். புதியவர் நாலைந்தோடு நின்றார். பிறகு காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டியபோது இருவருக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. தேர்ந்தவருக்கு நினைவாற்றல் அதிகம் என்று நினைத்தது பிழை. அவர் தனித்தனிக் காய்களைப் பார்க்கவில்லை. அர்த்தமுள்ள கொத்துகளைப் பார்த்தார். நாம் எழுத்துக்கூட்டாமல் சொல்லாக வாசிப்பதுபோல.

ஐயா பார்த்த நுரைக்கோடும் அப்படிப்பட்ட ஒரு கொத்து. கோடு, ஆழம், நிறம், காற்று எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக அவர் கண்ணில் விழுகிறது. தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன் கண்டதும் இதைத்தான். நெருக்கடியில் அவர்கள் நாலு வழிகளை வரிசையாக வைத்து ஒப்பிடுவதில்லை. இது இன்ன மாதிரியான தீ என்று கண்டுகொள்கிறார்கள். செய்ய வேண்டியது அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.

கண்ணோடு முடிவதில்லை, விரலும் இருக்கிறது. ஐயாவுக்கு மகள் வாங்கிக் கொடுத்த நல்ல தடியும் ரீலும் உண்டு. ஆனாலும் தங்கூசியை ரீலிலிருந்து கொஞ்சம் இழுத்து, வலது சுட்டுவிரலின் முதல் மடிப்பில் தொட்டபடிதான் வைத்திருப்பார். ஒருநாள் என் விரலையும் அப்படி வைக்கச் சொன்னார். "கண்ணை மூடும். என்ன தெரியுது?" ஏதோ தட்டுகிறது என்றேன். "அது ஈயம் கல்லிலை முட்டுறது. டக்கெண்டு வந்து டக்கெண்டு போகும். இப்ப?" ஒன்றுமில்லை என்றேன். "இருக்கு. பாரம் கூடியிருக்கு. ஈரத்துணி தொங்கின மாதிரி." அவர் மணிக்கட்டைத் திருப்பினார். தடி வளைந்தது. டோரே பல நேரம் இழுப்பதில்லை. வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். நான் ஒன்றுமில்லை என்று சொன்னது மீன்.

இது மாயமில்லை. விரல் நுனித் தோலில் வெவ்வேறு அதிர்வுகளுக்கென்று வெவ்வேறு உணரிகள் இருக்கின்றன. மேலாக இருப்பவை மெதுவான நடுக்கத்தையும், ஆழத்தில் இருப்பவை நொடிக்கு இருநூறு முந்நூறு முறை துடிக்கும் நுண்ணதிர்வையும் பிடிக்கும். லூக் மில்லரும் உடன் ஆய்வாளரும் 2018இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஒரு கோலைக் கையில் கொடுத்து அதன் எந்த இடத்தில் தட்டப்படுகிறது என்று கண்ணை மறைத்துக் கேட்டார்கள். மக்கள் வியக்கத்தக்க துல்லியத்தோடு சொன்னார்கள். மூளை அந்தக் கோலை உடலின் நீட்சியாக எடுத்துக்கொள்கிறது. உணரிகள் உங்களுக்கும் எனக்கும் ஐயாவுக்கும் ஒன்றுதான். எந்த அதிர்வுக்கு என்ன பெயர் என்று அறுபது வருடமாகப் பழகிய மூளைதான் வேறு.

அறுபது வருடம் என்று சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வெறும் வருடக் கணக்கு வல்லமையைத் தராது. ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து திரும்பத் திரும்பக் கிடைக்கும் செய்தி, எப்படிப் பழகுகிறோம் என்பதும் எத்தனை காலம் பழகுகிறோம் என்பதும் வேறுவேறு என்பது. ஐயா சொன்ன ஒரு விஷயம் இந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்திருக்கிறது. சின்ன வயதில் தகப்பனோடு வள்ளத்தில் போகும்போது, வலையை இழுக்கத் தொடங்குமுன் தகப்பன் கேட்பாராம்: "என்ன கிடக்கும், எவ்வளவு கிடக்கும், சொல்லு பாப்பம்." பெடியன் சொல்ல வேண்டும். பிறகுதான் வலை ஏறும். பிழைத்துப்போனால் ஏச்சு கிடையாது. ஏன் பிழைத்தது என்று கரை சேரும்வரை பேச்சு. முன்கூட்டிச் சொல்லி, உடனே சரிபார்த்து, பிழையின் காரணம் தேடுவது. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி செய்வதும் இதுவேதான்.

இந்தப் பழக்கம் ஏன் அவ்வளவு தேவை என்றால், மீன்பிடி ஒரு பொல்லாத ஆசிரியர். ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர் கற்கும் சூழல்களை இரண்டாகப் பிரித்தார். சதுரங்கம் போன்றவற்றில் செய்த பிழை உடனே, தெளிவாகத் தெரிந்துவிடும். வேறு சிலவற்றில் விடை பிந்தி வரும், குழம்பி வரும், சிலவேளை வரவே வராது. தூண்டில் வெறுமையாக வந்தால் மீன் இல்லையா, இருந்தும் பசி இல்லையா, இரை சரியில்லையா, உங்கள் நிழல் விழுந்துவிட்டதா? ஆறு சொல்லாது. மீன் கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று சொல்லாது. அதனால்தான் அதிர்ஷ்டத் தொப்பியும் சகுனமும் மீனவரிடையே செழிக்கின்றன. மாலினோவ்ஸ்கி நூறு ஆண்டுக்கு முன் டிரோப்ரியண்ட் தீவுகளில் கவனித்தது இதற்குப் பொருந்தும். அமைதியான உள்வாவியில், நிச்சயமாக மீன் கிடைக்கும் இடத்தில், மந்திரம் கிடையாது. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரச் சடங்குகள்.

அப்படியானால் மீன்பிடி வல்லமை என்பதே ஒரு மயக்கமாக இருக்கலாமே? ஐஸ்லாந்தில் இந்தச் சந்தேகத்தை நேரடியாகவே எழுப்பினார்கள். அங்கே நல்ல படகுத் தலைவருக்கு மீன் இருக்குமிடம் கனவில் தெரியும் என்றொரு நம்பிக்கை. 1982இல் பால் டூரன்பெர்கரும் கீஸ்லி பால்சனும் பிடிபட்ட அளவுகளைக் கணக்கெடுத்து, வேறுபாட்டின் பெரும்பகுதி படகின் பருமனாலும் எத்தனை முறை கடலுக்குப் போனார்கள் என்பதாலும் வருகிறது, தலைவரின் பங்கு சொற்பம் என்றார்கள். பின்னர் தோர்லின்ட்சன் ஹெர்ரிங் மீன்பிடியை ஆராய்ந்து, இல்லை, தலைவருக்குத் தலைவர் வித்தியாசம் உண்டு என்றார். நகர்ந்துகொண்டே இருக்கும் மீன் கூட்டத்தைத் துரத்துவதில் தலைவரின் பார்வை எடுபடும் என்பதும், எல்லோருக்கும் தெரிந்த தளத்தில் நாள் முழுக்க நின்று பிடிப்பதில் அவ்வளவு எடுபடாது என்பதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் இந்த விவாதத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. பிடித்த மீனின் எடை பிடித்தவரின் அறிவை அளக்கும் தராசு அல்ல. பெரிய இயந்திரமும் பெரிய வலையும் அந்தத் தராசை எளிதில் சாய்த்துவிடும்.

ஐயாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. டொலர் கடையில் வாங்கிய பள்ளிக் கொப்பி. திகதி, காற்று, தண்ணீரின் நிறம், கரையில் ஒரு குறிப்பிட்ட கல்லுக்கு மேலே எத்தனை விரல் தண்ணீர், கிடைத்த மீன். நான் புரட்டிப் பார்த்தபோது பல பக்கங்களில் "ஒண்டும் இல்லை" என்றுதான் இருந்தது. இதை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "கிடைச்சதை மட்டும் எழுதினால் கொப்பி பொய் சொல்லும், தம்பி." புள்ளியியல் வகுப்பில் இதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் எடுத்திருக்கும்.

அவருடைய அறிவில் எல்லாம் இங்கே செல்லுபடியாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதல் கோடையில் அவர் பிறையைப் பார்த்துக்கொண்டு பெருக்குக்குக் காத்திருந்தார். மொன்றியலில் பெருக்கும் வற்றும் கிடையாது. கடலின் ஏற்றவற்றம் ஆற்றில் ஏறி வந்து, மொன்றியலை எட்டுமுன் கீழேயே அடங்கிவிடுகிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக்கும் பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த மீன் என்று தெரிந்தவருக்கு இந்த ஊரின் காற்று ஒன்றும் சொல்லவில்லை. வல்லமை குறுகியது, ஒரு துறையில் தேர்ந்தவர் பக்கத்துத் துறையில் புதியவராகவே தொடங்குவார் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஒழுக்கும் விளிம்பும் நிழலும் கூட வந்தன. பிறையும் காற்றும் மயிலிட்டியிலேயே நின்றுவிட்டன.

ஆனால் ஒருநாள் அவர் தடியில் வெள்ளி நிறத்தில், முதுகு கூனிய ஒரு மீன் ஏறியது. கையில் பிடித்ததும் அது கொர் கொர் என்று முனகியது. ஐயாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "அட, இது எங்கடை கத்தாளையல்லோ!" இங்கே அதற்கு மலாஷிகான் என்று பெயர். அவர் தொடர்ந்து சொன்னார்: "அப்ப இதின்ரை தலைக்குள்ளை கல்லு இருக்கும். பெரிசா இருக்கும்." வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தோம். யானைத்தந்தம் போல வழுவழுப்பான இரண்டு கற்கள், என் சின்னவிரல் நகத்தைவிடப் பெரிதாக.

அவர் சொன்னது முழுக்கச் சரி. கத்தாளையும் மலாஷிகானும் ஒரே குடும்பம். காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து ஒலி எழுப்பும் மீன்கள். அந்தக் குடும்பத்தில் வட அமெரிக்காவில் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிப்பது இது ஒன்றுதான். மீனின் காதுக்குள் இருக்கும் கல், கேட்கவும் சமநிலை காக்கவும் உதவுவது. இந்தக் குடும்பத்தில் அது மிகப் பெரியது. கனடாவின் நீண்ட பனிக்காலத்தில் மீனின் வளர்ச்சி மந்தமாவதால் கல்லில் ஆண்டுக்கொரு வளையம் விழும். அதை அறுத்து எண்ணித்தான் உயிரியலாளர் மீனின் வயதைச் சொல்கிறார்கள். ஐயாவுக்கு வளையக் கணக்குத் தெரியாது. ஆனால் பார்த்தே இராத ஒரு மீனின் தலைக்குள் என்ன இருக்கும் என்று ஒலியை மட்டும் வைத்துச் சொன்னார். தகப்பன் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறேன். ஷேர்புரூக் வீதியின் மேற்குப் பக்கம் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் லொயோலா வளாகம். அங்கே உயிரியல் துறையில் டிலன் ஃபிரேசர் என்ற மீன் ஆய்வாளர் இருக்கிறார். அவர் நீண்ட காலமாக வேலை செய்வது வடக்கே, கியூபெக்கின் மிகப் பெரிய இயற்கை ஏரியான மிஸ்டசினியில். அதன் கரையில் மிஸ்டிசினி என்ற கிரீ மக்களின் ஊர். 2006இல் வெளியான ஆய்வில், ஏரியின் புரூக் டிரவுட் மீன்கள் பற்றிக் கிரீ மீனவர் சொன்னவற்றையும் மரபணு சொன்னவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2017இல் கியா மரின், அண்ட்ரூ கூன் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்டது இன்னும் சுவையானது. ஒரே ஏரியில் வாழும் லேக் டிரவுட் மீனில் எத்தனை விதம், எது எங்கே தங்கும் என்பதை அந்த மக்களின் அறிவிலிருந்தே தொகுத்தார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மீன். வலையிலிருந்து எடுத்து, அறுத்து, சமைத்துத் தின்றவருக்குப் பல.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2020இல் எல்லா போல்ஸ் முதன்மை ஆசிரியராக வந்த ஆய்வு. டோரே சிறுத்து வருகிறது என்று மிஸ்டிசினி மக்கள் கவலைப்பட்டார்கள். ஆய்வாளர்கள் பழைய மாதிரிகளையும் புதியவற்றையும் எடுத்து அளந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் மீன் உண்மையிலேயே சிறுத்திருந்தது. மரபணுவிலும் மாற்றம் தெரிந்தது. பெரிய மீனையே தேர்ந்து பிடித்தால், சிறிய உடம்போடு சீக்கிரம் முட்டையிடும் மீன்களின் வழித்தோன்றல்கள் மிஞ்சும். தூண்டில் பல ஆண்டுகள் செய்யும் தெரிவு இயற்கைத் தெரிவைப் போலவே வேலை செய்யும். அறுவடைதான் காரணமா என்று அந்த ஆய்வின் தலைப்பே ஒரு கேள்விக்குறியோடு முடிகிறது. அந்தக் கேள்விக்குறியை நான் மதிக்கிறேன். ஆனால் சிறுத்ததை முதலில் கண்டது கருவி இல்லை. கையில் மீனைத் தூக்கிப் பழகியவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கும் கனடாவிலேயே, நியூஃபவுண்ட்லாந்துக் கரையில், உதாரணம் இருக்கிறது. ஈழத்தமிழருக்கு அந்தக் கரை அந்நியம் இல்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு கைகொடுத்தவர் கஸ் டால்டன், அட்லாண்டிக் ரீப்பர் என்ற மீன்பிடிப் படகின் தலைவர். பிறகு அந்த மக்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

அதே 1986இல் அந்தக் கரையின் சிறு மீனவர்கள் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காட் மீன் கரைக்கு வருவது குறைகிறது, வருவதும் சிறுத்திருக்கிறது என்று. அவர்களுடைய சங்கம் கேட்டுக்கொண்டதால் சில உயிரியலாளர்கள் தனியாக ஓர் அறிக்கையே எழுதி, அரசின் மதிப்பீடு மிகை என்றார்கள். எடுபடவில்லை. அரசின் கணக்கில் ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடிவீதம் ஒரு பெரிய அளவுகோலாக இருந்தது. அது நன்றாகவே இருந்தது. ஏன் நன்றாக இருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காட் மீன் குறையக் குறைய மிஞ்சியவை ஒன்றாகத் திரண்டன. கப்பல்கள் ஒலிக்கருவியால் அந்தத் திரளைத் தேடிப் போய் வலை நிறைத்தன. பானையில் அரிசி குறைந்துகொண்டே போனாலும், வழித்து எடுத்தால் கொத்து ஒவ்வொரு முறையும் நிறையத்தான் செய்யும். கடைசிக் கொத்து வரை நிறையும். கரை மீனவரோ ஆண்டாண்டாக ஒரே இடத்தில் பொறிவலை கட்டி, மீன் வரும்வரை காத்திருந்தார்கள். தேடிப் போகாததால் அவர்களின் வலை உண்மையைச் சொன்னது.

1992 ஜூலை 2 அன்று கனடா அரசு வடக்குக் காட் மீன்பிடியை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு என்று சொன்ன தடை 2024 வரை, 32 ஆண்டுகள் நீண்டது. தமிழரைக் கடலிலிருந்து தூக்கிய கைகள் அந்தக் கரையின் கைகள். அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் சொன்னதை யாரும் நேரத்தோடு கேட்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மயிலிட்டிக்கு நேர்ந்தது வேறு விதம். இலங்கையின் பேர்பெற்ற மீன்பிடித் துறைகளில் ஒன்று அது. 1990இல் மக்கள் வெளியேறினார்கள். துறைமுகம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 27 ஆண்டுகள். 1990இல் தகப்பனின் வள்ளத்தில் ஏறி, வலையில் என்ன கிடக்கும் என்று சொல்லப் பழகியிருக்க வேண்டிய பத்து வயதுப் பெடியன், ஊர் திரும்பியபோது முப்பத்தேழு வயது மனிதன். கடல் அப்படியே இருந்தது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் பலர் இல்லை. இருப்பவர்களில் சிலர் இங்கே, கோத்-தே-நேஜ்ஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் எங்கள் பகுதியிலும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மீன் உயிரியலாளர்கள் வடக்கே கிரீ ஊருக்குப் போய்க் கேட்டதுபோல, மயிலிட்டிக்காரரையும் வல்வெட்டித்துறைக்காரரையும் நாவாந்துறைக்காரரையும் யாராவது உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அந்த வேலை நம்முடையது. எந்த மீன் எந்தப் பாரில் எந்த மாதம் முட்டையோடு வரும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும், முன்பு எவ்வளவு பெரிதாக இருந்த மீன் பின்பு சிறுத்தது என்று அவர்கள் சொல்வது நினைவுக் கதை மட்டும் இல்லை. போருக்கு முன் அந்தக் கடல் எப்படி இருந்தது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத சான்று.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பனி கரைந்து மே மாதம் வந்ததும் மீன்பிடி அனுமதிப் பத்திரம் எடுத்துக்கொண்டு அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போங்கள். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் அதில் எழுதுங்கள்.